வெங்கச்சாங்கல்லுக்கு ஒரு எக்ஸ்ரே

பொங்கல் லீவுக்கு நீலகிரியில் இருக்கும் எங்கள் ஊர் தேவாலாவுக்குப் போயிருந்தேன். ராத்திரிக் குளிருக்கு வாசலில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தபோது, சுற்றி வைத்திருந்த கற்களில் ஒரு வெங்கச்சாங்கல் படாரென்று தெறித்து அப்பாவின் செருப்பருகே விழுந்தது. "கல்லு ஏன்டா வெடிக்குது? நீ அதைத்தானே படிக்கிறே?"

அதைத்தான். வெங்கச்சாங்கல் என்றால் குவார்ட்ஸ், 1880ஐ ஒட்டித் தங்கம் தங்கம் என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் எங்கள் ஊரையும் பந்தலூரையும் குடைந்து தள்ளியது இந்தக் கல்லுக்குள் அது இருக்கும் என்றுதான் (சில வருடத்தில் கையைச் சுட்டுக்கொண்டு ஓடினார்கள், அது தனிக் கதை). வெளிப்பக்கம் சூடாகி விரியும், உள்பக்கம் இன்னும் குளிர்ந்தே கிடக்கும், அந்த இழுபறியிலேயே கல் பிளக்கலாம். அதோடு 573 டிகிரியை நெருங்கும்போது குவார்ட்ஸின் படிக அமைப்பே மாறி, சட்டென்று உப்பும்.

நான் பார்ப்பது இரும்புத் தாது உருண்டை. இரும்பு உருக்கும் ஊதுலையின் மேல்பகுதியில், 500, 600 டிகிரிச் சூட்டில், ஹேமடைட் என்கிற இரும்பு ஆக்சைடு மேக்னடைட் என்கிற இன்னொரு ஆக்சைடாக மாறும்போது உப்பி வெடித்துப் பொடியாகும், அந்தப் பொடி உலைக்குள் வாயு போகிற வழியை அடைக்கும். வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க முன்பெல்லாம் உருண்டையை அறுத்து, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். அறுத்ததில் விழுந்த கீறல் எது, சூட்டில் விழுந்தது எது என்று சண்டை வரும். தவிர, அறுத்ததைத் திரும்பச் சூடாக்கிப் பார்க்க முடியாதே. சிடி ஸ்கேனில் அந்தத் தொல்லை இல்லை. உருண்டையைச் சுழலும் மேடையில் வைத்து ஆயிரக்கணக்கில் நிழல் படங்கள் எடுத்தால் கம்ப்யூட்டர் உள்பக்கத்தைக் கட்டித் தரும், சூடாக்கிவிட்டு அதே உருண்டையை மறுபடி எடுக்கலாம். இரும்பு வெளுப்பாகத் தெரியும், வெடிப்புக்குள் காற்றுதானே, கறுப்பாகத் தெரியும்.

ஆனால் இரும்பு எக்ஸ்ரேயை அப்படியே விழுங்கும். முதல் தடவை நான் ஆர்வக்கோளாறில் பெரிய கட்டியாக வைத்துவிட்டேன், படத்தில் நடுப்பகுதி இருண்டிருந்தது, "உள்ளே பொள்ளல் சார்!" என்று கைடிடம் ஓடினேன். பொள்ளலும் இல்லை ஒன்றும் இல்லை. வலுக்குறைந்த கதிர்கள் ஓரத்திலேயே நின்றுபோக, வலுவானவை மட்டும் நடுவைத் தாண்டி வந்திருக்கின்றன, கம்ப்யூட்டர் அதை அடர்த்தி குறைவு என்று எடுத்துக்கொண்டது. கதிருக்கு முன்னால் மெல்லிய செம்புத் தகடு வைத்து, சின்ன உருண்டையாக மாற்றியபிறகுதான் படம் ஒழுங்காக வந்தது. அப்போதும் படத்தின் புள்ளி அளவைவிட மெல்லிய கீறல் என்றால் கண்ணில் படாமல் நழுவிவிடும், அதனால் 'வெடிப்பு இல்லை' என்று நான் இப்போதெல்லாம் எழுதுவதே இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கல்லுக்குமா எக்ஸ்ரே" என்று எழுந்து போனார் அப்பா. மறுநாள் ராத்திரி பார்த்தால் தீயைச் சுற்றிச் செங்கல்.