முடி பிய்க்கும் பிள்ளையைத் திட்டாதீங்க

என் அக்கா மகள் வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் தன் முடியைத் தானே பிடுங்குவாள், உச்சியில் வட்டமாகச் சொட்டையே விழுந்துவிட்டது. அழகர்கோயிலில் மொட்டை போட்டால் சரியாகிவிடும் என்றார் அவளுடைய அப்பத்தா. நேர்த்திக்கடன் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் முடி வளர்ந்ததும் கை மறுபடி அங்கேதான் போகும், ஏனென்றால் இது ட்ரைக்கோட்டிலோமேனியா என்கிற மனநலப் பிரச்சினை, சேட்டை இல்லை. பல நேரம் கை தலைக்குப் போனதே பிள்ளைக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிக்காட்டினால் பதற்றம்தான் கூடும்.

1973-இல் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் விவரித்த பழக்கமாற்றுப் பயிற்சி இதற்கு நன்றாக உதவுகிறது. எப்போது கை போகிறது என்று கவனிக்கப் பழக்கி, அந்த நேரம் விரல்களை இறுக்கி மூடவோ வேறு வேலை செய்யவோ வைப்பார்கள். இவளுக்கு மல்லிகைப்பூ கட்டுவது கைகொடுத்தது.

சரி, ஒன்று முக்கியம்: பிடுங்கிய முடியை விழுங்கினால் வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து அடைக்கும். வயிற்றுவலி, வாந்தி என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். மற்றபடி நம்ம பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவிலேயே காட்டலாம்.