உப்புத் தண்ணி வீட்டில் ஒரு ஷவர்

2024 மார்ச் 3, ஞாயிறு

இன்று காலை குளிக்கும்போது எண்ணிப் பார்த்தேன். ஷவர் தட்டில் தண்ணீர் நேராக விழுந்தது 11 துளைகளில் மட்டும்தான். பாதி அடைத்துவிட்டது. மீதி கோணல்மாணலாகப் பீய்ச்சி, கதவையும் கொடியில் தொங்கும் துண்டையும் நனைக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வீடு கட்டியபோது ஆசைப்பட்டு வாங்கியது, 8 அங்குலம், கருப்பு நிறம். இப்போது அதன் மேல் ஏடு ஏடாக வெள்ளை படிந்திருக்கிறது.

கோவையில் பல வீடுகளைப் போல எங்களுக்கும் இரண்டு தண்ணீர். சிறுவாணி கீழ்த்தொட்டிக்கு வரும். குடிக்க, சமைக்க மட்டும். கேரளத்தின் பாலக்காடு மாவட்ட மலைக்காட்டில் பெய்யும் மழை அது, மண்ணுக்குள் அதிகம் இறங்காமல் அணைக்கு வந்துவிடும். குளியல், துணி, கழிவறை எல்லாவற்றுக்கும் 800 அடி போர்வெல். அந்தத் தண்ணீர் பாறை இடுக்கில் பல காலம் கிடந்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இரண்டுமே கண்ணுக்கு ஒன்றுபோல் பளிங்காகத்தான் தெரியும். சோப்புப் போட்டால்தான் வித்தியாசம் புரியும்.

மார்ச் 5, செவ்வாய்

பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை போர்வெல் தண்ணீரில் வைத்தேன்: 1180. ஆனால் அது மொத்தமாகக் கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும். கால்சியமும் மெக்னீசியமும் தரும் கடினத்தன்மை தனிக் கணக்கு. அதற்குச் சொட்டு மருந்துக் கிட் ஒன்று வாங்கியிருந்தேன். தண்ணீரில் பொடியைப் போட்டதும் ஒயின் சிவப்பாகிறது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நிறம் நீலமாக மாறும் வரை. ஒரு சொட்டுக்கு 25 மில்லிகிராம். சிறுவாணி இரண்டாவது சொட்டிலேயே நீலமாகிவிட்டது. போர்வெல் தண்ணீர் 21ஆவது சொட்டில். அதாவது லிட்டருக்கு 525 மில்லிகிராம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. எங்கள் தண்ணீர் அந்த இரண்டாவது வரம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டேன். நாங்கள் நான்கு பேர் குளிக்க ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்று வைத்தால், குளியலறை வழியாக மாதம் 2 கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு போகிறது. பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். தங்கிவிடும் கொஞ்சம்தான் இத்தனை வேலை செய்கிறது.

மார்ச் 9, சனி

பிளம்பர் அண்ணன் வந்தார். முதலில் கீசரைத் திறக்கச் சொன்னேன், சூடாக நேரமாகிறது, உள்ளே கடகடவென்று சத்தம் வேறு. காயிலை வெளியே எடுத்ததும் அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். கம்பி தெரியவே இல்லை. விரல் பருமனுக்குச் சாம்பல் வெள்ளை ஓடு. அண்ணன் ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்ட, ஓடு துண்டு துண்டாகப் பேப்பரில் விழுந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: ஒரு பக்கம் கம்பியின் வளைவு அப்படியே பதிந்து வழவழவென்று, மறுபக்கம் மணல் மாதிரி சொரசொரப்பு. வினிகரில் போட்டதும் நுரைத்துப் பொங்கியது. முட்டை ஓடும் இப்படித்தான் பொங்கும், இரண்டும் கால்சியம் கார்பனேட்.

தண்ணீரில் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் கால்சியம் சூடு பட்டதும் பிரிந்து இப்படிப் படிகிறது. சூடு கூடக்கூடப் படிவும் கூடும். கீசரை 60 டிகிரியிலிருந்து 50க்கு இறக்கி வைத்தோம். துருப்பிடிக்காமல் தொட்டியைக் காக்கும் மெக்னீசியக் கம்பி பென்சில் முனையாகத் தேய்ந்திருந்தது, புதிது போட்டார்.

ஷவரைப் பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மணி, ஆசிட் ஊத்துனா ஒரே நிமிசத்துல போயிருமுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழிவறைக்கு ஊற்றும் அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்போடு சேர்த்துக் குரோம் பூச்சையும் தின்னும். அப்புறம் உள்ளே இருக்கும் பித்தளை பச்சை பிடிக்கும். அதைவிடப் பயம் வேறு ஒன்று. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இந்த இரண்டையும் சேர்த்துத் தேய்ப்பவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மார்ச் 10, ஞாயிறு

பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் முகம் மூழ்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டேன். அரை மணி நேரம். அடைப்பு முக்கால்வாசி விட்டது. ஆனால் கருப்பு நிறம் திட்டுத் திட்டாக மங்கிவிட்டது. சில பூச்சு நிறங்கள் லேசான அமிலத்தைக்கூடத் தாங்காது என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் நடந்தது. பையிலிருந்து சொட்டிய வினிகர் சோப்பு வைக்கும் கடப்பாக்கல் பலகையில் விழுந்து, கருகரு கல்லில் வெளுத்த வட்டங்கள். கடப்பாக்கல்லே சுண்ணாம்புக்கல்தானே! அமிலம் படிவையும் கல்லையும் பிரித்துப் பார்க்காது. மார்பிளுக்கும் இதே கதிதான். கீழே ஒரு பேசின் வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 16, சனி

டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடைக்காரர் சுவரோடு பொருத்தும் 12 அங்குலத் தட்டைக் காட்டினார். பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் 1 பார் என்று அச்சடித்திருந்தது. எங்கள் மேல்தொட்டி ஷவருக்கு 10 அடி உயரத்தில் இருக்கிறது. அது கொடுப்பது 0.3 பார். 1 பார் வேண்டுமானால் தொட்டி 33 அடி மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் பம்பு. அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் சொட்டாக நின்று காயும். காய்கிற இடத்தில்தான் உப்புத் தங்கும்.

இரண்டாவது கடையில், ஷவருக்கு முன்னால் மாட்டும் ஃபில்டர். "மேடம், ஹார்ட் வாட்டர் சாஃப்ட் ஆயிடும்" என்றார். கையடக்கக் குப்பி அது. மாதம் 2 கிலோவை அது எங்கே பிடித்து வைக்கும்? இம்மாதிரி ஃபில்டர் மண், துரு, குளோரின் இவற்றைக் குறைக்கலாம். கரைந்திருக்கும் கால்சியத்தை நிறுத்தாது. தலைமுடி கொட்டுகிறதே என்ற கவலையில் இருப்பவர்களிடம் இப்படிச் சொல்லி விற்பது எனக்குக் கோபமாக இருந்தது.

மூன்றாவது கடையில்தான் எங்களுக்கான பொருள் கிடைத்தது. 4 அங்குல ஹேண்ட் ஷவர், குரோம், துளைக்குத் துளை மெத்தென்ற சிலிகோன் முனை. கட்டை விரலால் தேய்த்தால் முனை வளைகிறது; வளையும்போது படிவு ஒடிந்து விழும். முகத்தட்டைத் திருகிக் கழற்ற முடிகிறது. கீழே அரை அங்குல மரை, எந்த ஹோசும் சேரும். சுவர் ஷவர் வேண்டாமா என்று அவர் கேட்டார். ஹேண்ட் ஷவரைக் கழற்றாமலேயே வாளிக்குள் போடலாம், ஏணியும் வேண்டாம், ஸ்பேனரும் வேண்டாம் என்றேன். கொக்கியில் மாட்டிக்கொண்டால் ஷவர், அவ்வளவுதான்.

தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரும் மாற்ற வேண்டியிருந்தது, கைப்பிடி திருகவே முடியாமல் இறுகிவிட்டது. உள்ளே இருக்கும் செராமிக் தட்டுகளுக்கு நடுவில் உப்புப் பொடி புகுந்தால் அப்படித்தான் ஆகும். வடிவத்தை நான் பார்க்கவில்லை. உள்ளே போடும் கார்ட்ரிட்ஜ் தனியாக, இதே ஊரில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து எடுத்தே காட்டினார்.

மார்ச் 18, திங்கள்

மாட்டியாயிற்று. வரும் குழாயில் தனியாக ஒரு வால்வு போடச் சொன்னேன், இனி எதைக் கழற்றினாலும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. நேற்று வீடு கழுவும்போதே ஷவரையும் ஊறப்போட்டேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவார்கள், வினிகர் நெடியும் இல்லை. இருபது நிமிடம், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு, நல்ல தண்ணீரில் அலசல். குழாய் வாயில் இருக்கும் வலைச்சல்லடைகளையும் அதே தண்ணீரில் போட்டேன். ஒரு துளைகூட அடைபடவில்லை.

தினமும் நடக்கும் வேலை இன்னும் சின்னது. கடைசியாகக் குளிப்பவர் முனைகளை ஒருமுறை தேய்த்து, ஷவரைத் தலைகீழாக உதறி, குழாய்களைப் பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். மாமா ஒரு நாளும் விட்டதில்லை.

மே 12, ஞாயிறு

தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் போடலாமா என்று வீட்டில் பேச்சு. அதுதான் முழுத் தீர்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஆனால் அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு மணிகளைக் கழுவ வேண்டும், அந்தக் கழிவு நீர் எங்கே போகும்? எங்கள் குளியலறைத் தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. "மண்ணு கெட்டுப்போகுமுங்க" என்றார் மாமா. சோடியம் சேர்ந்தால் மண் இறுகிவிடும், அவர் சொல்வது சரி. இப்போதைக்கு வேண்டாம்.

மே 19, ஞாயிறு

மதியம் கோடை மழை. மொட்டை மாடி கழுவிப்போக முதல் பத்து நிமிடம் விட்டுவிட்டு, அப்புறம் குழாய்க்குக் கீழே அண்டாவை வைத்தோம். மிச்சமிருந்த சொட்டு மருந்தால் சோதித்தேன், முதல் சொட்டிலேயே நீலம்.

அத்தை அந்தத் தண்ணீரிலேயே தலைக்குக் குளித்தார். போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தயிர் மாதிரி திரியும். முடியில் ஒட்டும் என்பதால் அவர் எப்போதும் சீயக்காய்தான். இன்று என்னுடைய சோப்பைக் கேட்டு வாங்கிப் போனார். வெளியே வந்தவர் ஈரக் கூந்தலை விரல்களால் கோதிக்கொண்டே, "வழுவழுன்னு இருக்குது பாரு, கண்ணு" என்று என் கையை எடுத்து முடியின் மேல் வைத்தார்.