வழியனுப்பி வைத்த தங்கை

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போவதால், ஊர் சுற்றும் அண்ணன்மார் திரும்பி வருவது தங்கையின் வீட்டுக்குத்தான். மாமாங்கம், மண்டூர், கொக்கட்டிச்சோலை என்று திருவிழாவுக்குத் திருவிழா காப்புக்கடை போட்டவர் என் மாமா. அவர் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுப் படலையடியில் நின்று, "மறுகா எப்ப அண்ணன் வருவீங்க?" என்று அம்மா கேட்பார். ஜப்பானிய நடிகை சியேகோ பைஷோவைத் திரையில் முதன்முதலாகக் கண்டபோது எனக்கு அந்தப் படலைதான் நினைவுக்கு வந்தது.

1941இல் டோக்கியோவில் பிறந்து, ஷோசிக்கு திரைப்பட நிறுவனத்தின் பெண்கள் இசைநாடகக் குழுவில் ஆடிப் பாடியவர், 1961இல் திரைக்கு வந்தார். 1969இல் இயக்குநர் யோஜி யமடா தொடங்கிய தோரா சான் படவரிசையில், கோயில் திருவிழாக்களில் கடை விரித்துத் திரியும் தோராவாகக் கியோஷி அட்சுமியும், அவருடைய தங்கை சகுராவாகப் பைஷோவும் நடித்தார்கள். 1995 வரை 48 படங்கள். சிரிப்பெல்லாம் அண்ணனுக்கு, அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம் மட்டுமே தங்கைக்கு. அந்த முகத்துக்காகவே நான் இப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1971இல் வந்த ஆறாவது படத்தில், அவர்களுடைய சொந்த ஊரான ஷிபமட்டாவின் ரயில் நிலையத்தில் தன் கழுத்துத் துணியைக் கழற்றி அண்ணன் கழுத்தில் சுற்றிவிடுகிறாள் சகுரா. "சொந்த ஊர் என்பது" என்று அவன் ஏதோ சொல்லத் தொடங்குகையில் ரயில் கதவு மூடிக்கொள்கிறது. மிச்சம் முழுவதையும் பைஷோவின் கண்கள் சொல்லிவிடுகின்றன.

அவருடைய குரலும் அத்தகையதே. 2004இல் ஹயாவோ மியாசாகியின் 'ஹவுலின் நகரும் கோட்டை' என்ற அசைவூட்டப் படத்தில், சூனியத்தால் கிழவியாகிவிடும் 18 வயதுச் சோஃபிக்கும், அந்த 90 வயதுக் கிழவிக்கும் அவர் ஒருவரே குரல் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 63. கிழவி உறங்கும்போது முகம் இளமைக்குத் திரும்புவதை நாம் நம்புவதற்கு, இரண்டு வயதுகளிலும் ஒரே மூச்சு ஓடுவதே காரணம் என்பேன்.

2022இல் வந்த 'பிளான் 75' படத்தில், முதியோர் தாமாக முன்வந்து உயிர்விட அரசே வசதி செய்யும் ஒரு ஜப்பானில், வேலை இழந்த 78 வயது மிச்சியாக நடித்தார். தொலைபேசியில் பேசித் தேற்றும் இளம் பணிப்பெண்ணிடம் கடைசி அழைப்பில் நன்றி சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நான்தான் உடைந்துபோனேன்.

2025இல் அதே யமடாவின் 'டோக்கியோ டாக்சி'யில் முதியோர் இல்லத்துக்குப் புறப்படும் மூதாட்டியாக வந்திருக்கிறார். வண்டியை ஓட்டுபவர், ஹவுலுக்குக் குரல் கொடுத்த டக்குயா கிமுரா. வண்டி புறப்படும் இடம் ஷிபமட்டா. இம்முறை புறப்பட்டுப் போவது அவர்.