இரண்டாவது ராத்திரியும் ஒரு டப்பா பால்பவுடரும்

பிரசவ வார்டில் பால்பவுடர் டப்பா திறக்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவது ராத்திரியில்தான். முதல் நாள் தூங்கி வழிந்த குழந்தை அன்றைக்கு இருட்டியதும் முழித்துக்கொள்ளும். அரை மணிக்கொரு தடவை மாரைத் தேடும், கொஞ்ச நேரம் சப்பும், கீழே கிடத்தினால் வீறிடும். "பால் பத்தல சிஸ்டர், பவுடர் எழுதிக் கொடுங்க" என்று பாட்டி வந்து நிற்பார். சீட்டு எழுதுவது பத்து நொடி வேலை. தாயின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையைச் சரியாகப் பிடிக்க வைப்பது அரை மணி வேலை. நைட் டியூட்டியில் எது ஜெயிக்கும் என்று தெரிந்ததே.

அந்த அழுகை பால் இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்குக் கிடைக்கும் சீம்பால் 2 முதல் 10 மி.லி. இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30. குழந்தைக்கு அந்த நேரத்தில் தேவையும் அவ்வளவுதான். அடிக்கடி சப்பிச் சப்பித்தான் சுரப்பை ஏற்றுகிறது. ராத்திரியில் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கூடுதலாகச் சுரப்பதால் அந்த வேலைக்கு ராத்திரியே தோது. அங்கே 30 மி.லி. பவுடர் பாலைப் புகட்டினால் குழந்தை நாலு மணி நேரம் அசையாமல் தூங்கும். "பாத்தீங்களா, பசிதான்!" என்பார்கள். அந்த நாலு மணி நேரமும் மார்பு காலியாகவில்லை. காலியாகாத மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். மறுநாள் பால் நிஜமாகவே குறையும், இன்னொரு டப்பா வரும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் கொண்டுவந்து 2018-இல் திருத்திய, தாய்ப்பாலூட்டலுக்கான 'பத்துப் படிகள்' பல மருத்துவமனைகளின் வராந்தாவில் பிரேம் போட்டுத் தொங்குகின்றன. அதற்குக் கீழேயே குழந்தை வார்மரில் (சூடு தரும் மேடையில்) தனியாகக் கிடக்கும். குறிப்பாக சிசேரியனில். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 அறுவை சிகிச்சை என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21). ஆகவே சிசேரியனுக்கென்று தனி ஏற்பாடு இல்லாத வார்டில் தாய்ப்பால் பேச்செல்லாம் பாதிப் பேருக்குத்தான் சேரும்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டுத் தரும் ஸ்பைனல் மயக்கத்தில் தாய் விழித்துத்தான் இருக்கிறார். அழுது நன்றாக மூச்சு விடும் குழந்தையைத் துடைத்து, தொப்பி மாட்டி, திரைத்துணிக்கு மேலே, மார்பின் குறுக்கே படுக்க வைத்து மேலே சூடான துணி போர்த்தலாம். இதற்கு முன்கூட்டியே மூன்று காரியம் செய்ய வேண்டும். ஈசிஜி பட்டைகளைத் தோள்பக்கமாக ஒட்டுவது, டிரிப்ஸை ஒரே கையில் வைத்து மறு கையைக் கட்டாமல் விடுவது, ஏசியின் குளிரைக் குறைப்பது. கூடவே குழந்தையை மட்டும் பார்க்க ஒரு ஆள். மூக்கு தெரிகிறதா, கழுத்து மடங்காமல் இருக்கிறதா, நிறம் எப்படி என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அசதியில் இருக்கும் தாயை நம்பி விட்டுவிட்டுப் போவது ஆபத்து. எடை பார்ப்பது, வைட்டமின் கே ஊசி எல்லாம் ஒரு மணி நேரம் காத்திருக்கும். குளிப்பாட்டல் ஒரு நாள் காத்திருக்கும். குழந்தையின் கையை மட்டும் துடைக்காதீர்கள். அதிலிருக்கும் பனிக்குட நீர் வாசனை காம்பைத் தேட உதவும்.

இதெல்லாம் நடக்காதபோது என்ன ஆகிறது? தாய் ரெக்கவரியில், குழந்தை வெளியே சொந்தக்காரர்கள் கையில். அங்கேதான் சேனை வைப்பார்கள்: தேன், சர்க்கரைத் தண்ணீர், சில ஊர்களில் கழுதைப்பால். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் பச்சிளங்குழந்தையின் நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கலாம். பாட்டியைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு அது ஆசீர்வாதம். "முதல் சேனை சீம்பால்தான், உங்க கையாலேயே குடுங்க பாட்டி" என்று கரண்டியில் நாலு சொட்டு பீய்ச்சிக் கொடுத்தால் சடங்கும் நடக்கும், குழந்தைக்கும் கேடில்லை.

அந்த நாலு சொட்டைக் கையால்தான் எடுக்க வேண்டும். மெஷினில் சீம்பால் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். காம்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி, கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே. முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோலின் மேல் வழுக்கி இழுத்தால் வலிதான் மிஞ்சும். காம்பைப் பிதுக்கினால் ஒன்றும் வராது. ஒரு இடத்தில் சொட்டு நின்றால் விரல்களைச் சுற்றி வேறு இடத்துக்கு மாற்றவும். குழந்தை ஐசியுவில் இருந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்கி, ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது எடுக்க வேண்டும்.

கேஸ் ஷீட்டில் 'பால் கொடுக்கிறார்' என்ற டிக் மார்க்குக்கு அர்த்தமே இல்லை. "பால் கொடுத்தாச்சா?" என்று கேட்டால் எல்லாத் தாயும் ஆமாம் என்பார். "இப்ப கொடும்மா, நான் பாக்கறேன்" என்று ஷிஃப்டுக்கு ஒரு தடவையாவது நின்று பார்ப்பதுதான் உண்மையான கணக்கு. பார்க்க வேண்டியது: வாய் அகலத் திறந்திருக்கிறதா, தாடை மார்பில் தொடுகிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, கருவட்டம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரிகிறதா. நாலும் இருந்து, 'சப்பு, சப்பு, முழுங்கு' என்ற தாளமும் கேட்டால் பால் போகிறது. கன்னம் குழி விழுந்தாலோ 'டிக் டிக்' சத்தம் வந்தாலோ, சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்துத் திரும்பப் பிடிக்க வையுங்கள். காம்பு வெடிப்பு பெரும்பாலும் பிடிப்புக் கோளாறு. களிம்பு அதைத் தீர்க்காது. தையல் வலிக்கிறவர்களுக்குப் பக்கவாட்டில் படுத்தோ, குழந்தையை அக்குளுக்கடியில் இடுக்கிக்கொண்டோ கொடுப்பது சுலபம், வயிற்றில் பாரம் இருக்காது.

மூன்றாம் நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டு கருவட்டம் கல்லாக இருந்தால் குழந்தையால் கவ்வ முடியாது. விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் அசையாமல் அழுத்தினால் அந்த இடம் மட்டும் மெத்தென்று ஆகும். உடனே குழந்தையைப் போட வேண்டும். காம்பு உள்வாங்கியிருந்தால் பழைய சிரிஞ்சு முறை நல்லதுதான்: புதிய 10 மி.லி. சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டி, வெட்டின பக்கமாகத் தண்டைச் செருகி, வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக அரை நிமிடம் இழுத்துப் பிடிப்பது. வெட்டின பக்கத்தைத் தோலில் வைத்துக் கீறிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

கூடுதல் பால் நிஜமாகவே தேவைப்படும் குழந்தைகளும் உண்டு: ரத்தச் சர்க்கரை குறைந்தவை, குறைமாதக் குழந்தைகள், பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழந்தவை. பிரசவத்தின்போது தாய்க்கு நிறைய டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் குழந்தையின் பிறந்த எடையே கொஞ்சம் ஊதிக் காட்டும். எடை இழப்பைப் படிக்கும்போது அதையும் நினைவில் வைக்க வேண்டும். தேவை என்றால் முதலில் தாயின் பீய்ச்சிய பால், அடுத்து பால் வங்கிப் பால், கடைசியில்தான் பவுடர். வங்கிப் பால் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடுபடுத்தப்பட்டது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. எந்தப் பாலானாலும் புட்டி வேண்டாம், பாலாடை (சங்கு) போதும். குழந்தையைப் பாதி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை அதன் கீழுதட்டோரம் வைத்து, அது முழுங்குகிற வேகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஊற்றினால் புரையேறும்.

பவுடர் எழுதுவதாக இருந்தால் காரணம், அளவு, எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது என்று கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். பிராண்டு பெயர் அச்சடித்த நோட்பேடோ, கம்பெனி கொடுத்த இலவச டப்பாவோ வார்டில் இருக்கக் கூடாது. பால்பவுடர் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் அதைத் தடை செய்கின்றன. தெரிந்தும் வாங்கிக்கொள்பவர்களைப் பற்றி இங்கே எழுத இடமில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத வேண்டியது வேறு. இரண்டாம் நாள் இரண்டு தடவை சிறுநீர், மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையாமல். மலம் கறுப்பிலிருந்து பச்சைக்கும், ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளுக்கும் மாற வேண்டும். மாறவில்லை என்றாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கினாலோ அன்றைக்கே வரச் சொல்லுங்கள். பத்தியம் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் குறைக்க வேண்டாம் என்று மாமியாரிடமும் ஒரு வரி. வீட்டுக்குப் போன இரண்டு மூன்று நாளில் எடை பார்க்க எந்தத் தேதி, எந்த அறை என்பதையும் சீட்டிலேயே குறித்துக் கொடுங்கள்.