நமீபியாவின் பாறைகளில்: பயண நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, ஊயிஸ்

ஓமருரு ஊரைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்து சரளைப் பாதை தொடங்கிவிட்டது. டயர்களில் காற்றைக் குறைத்த பிறகும் வண்டியின் அதிர்வு அடங்கவில்லை. மாலையில் மேற்கே பிராண்ட்பெர்க் மலை செந்நிறமாகத் தெரிந்தது. நமீபியாவின் மிக உயர்ந்த சிகரமான கோனிக்ஷ்டைன் (2,573 மீட்டர்) அதில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, பிராண்ட்பெர்க்

வெயில் ஏறும் முன்பே வழிகாட்டியுடன் சிசாப் பள்ளத்தாக்கில் நடந்து, 'வெள்ளைச் சீமாட்டி' என்று பெயர்பெற்ற ஓவியத்தை அடைந்தோம். ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவான அவ்வுருவம், ஒரு கையில் வில்லும் அம்புகளும் ஏந்தி, வெளுத்த கால்களுடன் நடந்து செல்கிறது. 1918-இல் ஜெர்மானிய நில அளவையாளர் ரைன்ஹார்ட் மாக் இதைக் கண்டு படியெடுத்தார். பின்னர் பிரெஞ்சுப் பாதிரியாரும் தொல்லியல் அறிஞருமான ஆன்றி ப்ரூய், இது மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் உருவம் என்று வாதிட்டார். வாழ்நாளெல்லாம் குகை ஓவியங்களைப் பயின்றவருக்கே, ஆப்பிரிக்கர் தம்மைத் தாமே வரைந்திருப்பார்கள் என்று ஏனோ தோன்றவில்லை. உடலில் வண்ணம் பூசிய ஓர் ஆண், பெரும்பாலும் சடங்கு செய்யும் மருத்துவர், என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. முன்பு வந்தவர்கள் நிறம் எடுப்பாகத் தெரிவதற்காக நீரை ஊற்றி ஊற்றியே ஓவியத்தை மங்கச் செய்துவிட்டதால், இப்போது கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்றுதான் பார்க்க முடிகிறது.

ஆகஸ்ட் 11, ட்வைஃபெல்ஃபொன்டெய்ன்

நேற்றுக் கண்டது வண்ணம். இன்று காண்பவை பெரும்பாலும் கல்லைக் கொத்திச் செய்தவை. செம்மணற்கல்லின் கருத்த மேற்பரப்பைக் குவார்ட்ஸ் போன்ற கடினமான கல்லால் கொத்தினால் உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும். அவ்வாறு வேட்டைச் சமூகத்தினர் உருவாக்கிய ஈராயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்கல்கள் இச்சரிவில் உள்ளன. 2007-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நமீபியாவிலிருந்து முதலில் இடம்பெற்றது இவ்விடமே. மழை அரிதான இந்நிலத்தில், விலங்குகளையும் அவற்றைத் தொடர்ந்து மனிதரையும் இங்கே இழுத்தது ஒரு சிறிய ஊற்றுதான்.

ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், தீக்கோழி எல்லாம் இருக்கின்றன. கடற்கரை சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, ஒரு பாறையில் கடல்நாயும் இருக்கிறது. செதுக்கியவர்கள் கடல்வரை போய் வந்தவர்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நான் நெடுநேரம் நின்றது சிங்கத்தின் முன்னால். அதன் நீண்ட வால் செங்குத்தாக மடிந்து, நுனியில் ஒரு பாதத் தடமாக முடிகிறது. பாதம் ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள். சிங்கத்தின் தடத்தில் நான்கு விரல்களே பதியும். இது செதுக்கியவரின் பிழையாக இருக்கலாமே என்று உடன் வந்த நண்பர் கேட்டார். வழிகாட்டி பதில் சொல்லாமல், அருகிலிருந்த பாறைகளில் தனித்தனியே செதுக்கப்பட்டிருந்த விலங்குத் தடங்களைக் காட்டினார்; ஒவ்வொன்றும் எந்த விலங்கின் குளம்பு என்று சொல்லிவிடும் அளவுக்குத் துல்லியமானவை. தடம் பார்த்தே உண்டு வாழ்ந்தவர்கள் விரலை எண்ணத் தவறியிருக்க மாட்டார்கள். சடங்கின் மெய்மறந்த நிலையில் சிங்கமாக மாறும் மனிதன் இவன் என்று ஆய்வாளர்கள் கொள்ளும் விளக்கத்தை, அத்தடங்களைப் பார்த்த பிறகு நானும் ஏற்கிறேன். நண்பர் இன்னும் ஏற்கவில்லை.