ஹால்மார்க் எங்கள் பட்டறைக்கு வந்த கதை

2021 ஜூன் 16 முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் என்கிற தர முத்திரை கட்டாயம் என்று அறிவித்த 256 மாவட்டங்களில் எங்கள் மாவட்டமும் இருந்தது. ஆண்டு வியாபாரம் 40 லட்சத்துக்குள் என்றால் விலக்கு உண்டு. தங்கம் விற்கிற விலையில் சின்னக் கடைகூட அதைத் தாண்டிவிடும், நாங்களும் தாண்டியிருந்தோம்.

முத்திரை விதிகளைப் பார்க்கும் பிஐஎஸ்ஸில் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு செய்வது நான் பயந்த அளவுக்கு இல்லை, ஆன்லைனிலேயே முடிந்தது. சிக்கல் பட்டறையில்தான்.

எங்கள் பத்தர் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுவார். தங்கத்தை 916-க்கு, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் இருக்கும்படி, சரியாக உருக்கியிருந்தாலும், பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதல் என்பதால் முடிந்த நகையின் மாற்று (சுத்தம்) இறங்கிவிடும். உரைகல்லில் அது பிடிபடாது. ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கருவியில் பார்த்த பிறகு, துளி வெட்டி, ஈயத்தகட்டில் சுற்றி, ஒரு கிண்ணத்தில் போட்டு உலையில் வைக்கிறார்கள். ஈயத்தோடு செம்பையும் கிண்ணம் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளி நைட்ரிக் அமிலத்தில் கரைந்துவிடும். மிஞ்சுவது சுத்தத் தங்கம். 916-ல் ஒன்று குறைந்தாலும் முத்திரை கிடையாது. முதலில் அனுப்பிய சங்கிலிகள் அப்படியே திரும்பி வந்தன.

"அப்பா காலத்துலருந்து இப்படித்தானே ஊதுறோம்" என்றார் பத்தர். உண்மைதான். ஆனால் பழைய நகையை மாற்ற வரும்போது அந்தக் குறைவைக் கழித்துக்கொண்டதும் நாங்கள்தானே? அதனால் இந்த விதியே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காட்மியம் சேர்த்துப் பற்றவைக்கும் கேடிஎம் முறையில், காட்மியம் சூட்டில் ஆவியாகிவிடுவதால் மாற்று இறங்காது. ஆனால் அந்தப் புகையைச் சுவாசிப்பவர் பத்தர். அது வேண்டாம் என்று விட்டோம். கடைசியில் தங்கத்தையே 916-க்குப் பதில் 920-க்கு உருக்கினோம். கூடுதல் தங்கம் கைக்காசு. சேதாரத்தில் ஏற்றினால் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள்.

ஜூலையில் எச்யுஐடி வந்தது: நகைக்கு நகை ஆறு இலக்கத் தனிக் குறியீடு. கட்டணம் அப்போது நகைக்கு 35 ரூபாய், ஜிஎஸ்டி தனி. காசு பெரிதில்லை. முகூர்த்த மாதத்தில் நகையைப் பையில் கட்டிக்கொண்டு வெளியூர் மையத்துக்குப் பஸ்ஸில் போய்க் காத்துக்கிடந்ததுதான் பெரும்பாடு. ஆகஸ்ட் 23 அன்று நாடு முழுக்க நகைக்கடைக்காரர்கள் நடத்திய கடையடைப்பு இந்த எச்யுஐடியை எதிர்த்துத்தான்.

2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு முத்திரை கட்டாயமில்லை. ஆனாலும் மூக்குத்தி வாங்க வருகிறவர்கள்கூட "நம்பர் எங்கண்ணே?" என்று அந்தக் குறியீட்டைச் சரிபார்க்கும் பிஐஎஸ் கேர் ஆப்பைத் திறக்கிறார்கள். விலக்கை விளக்கி முடிப்பதற்குள் எழுந்து போனவர்களும் உண்டு.