எல்லோருக்கும் ஒரே டார்ட்டன்: கட்டம் தேர்வு நாட்குறிப்பு

ஜனவரி 12

விழாவில் எங்கள் குழு முழுவதும் ஒரே டார்ட்டனில் கில்ட் உடுத்த வேண்டும் என்று ஆசை. டார்ட்டன் என்பது ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட கம்பளித் துணி; கில்ட் அதில் தைத்து இடுப்பில் சுற்றிக் கட்டும் மடிப்பு உடை. அங்கே குலத்துக்குக் குலம் கட்டம் வேறு. குழுவிலோ ஆளுக்கொரு குடும்பப்பெயர். யாரோ ஒருவருடைய குலத்துக் கட்டத்தை மற்ற எல்லோரும் உடுத்துவது பொருந்தாது. பொது டார்ட்டன் பேச்சு வந்ததே இதனால்தான். ஆனால் புதிதாக ஒன்று தேவைதானா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிளாக் வாட்ச், ஹண்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா, ஜாக்கபைட் இவற்றை யார் வேண்டுமானாலும் உடுத்தலாம். துணியும் தனியாக நெய்யச் சொல்வதைவிட மலிவு. விழாவில் எல்லோரும் ஒரே மாதிரி நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் இதில் ஒன்றை வாங்கிவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. நமக்கென்று ஒரு கட்டம் வேண்டும் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். ஆகவே வேலை தொடங்குகிறது.

கிட்டவே போகக் கூடாதவை இரண்டு. பால்மோரல் அரச குடும்பத்துக்கு உரியது. ஒட்டக நிறத்தின் மேல் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று போனால் அது பர்பெரி ஆடை நிறுவனத்தின் வணிகமுத்திரை.

ஜனவரி 20

நிறம் கேட்டதில் ஆறு வந்து நிற்கிறது. யாரையும் விட மனமில்லாமல் ஆறையும் சேர்த்தால் துணி கெட்டுப்போகும். காரணம் நெசவிலேயே இருக்கிறது.

நம் கைலிக் கட்டம் சாதா நெசவு. டார்ட்டனோ ட்வில் நெசவு: ஒவ்வோர் ஊடை (குறுக்கு) இழையும் இரண்டு பாவு (நெடுக்கு) இழைக்கு மேலே, இரண்டுக்குக் கீழே என்று போகும், அடுத்த ஊடை ஓர் இழை நகர்ந்து போகும். அதனால்தான் துணியில் சாய்வு வரி தெரிகிறது. பாவும் ஊடையும் ஒரே நிறமாகச் சந்திக்கும் இடம் மட்டுமே முழு நிறம். மற்ற இடமெல்லாம் இரண்டு நிறத்தின் பாதிக்குப் பாதிக் கலவை. ஆறு நிறம் போட்டால் 6 முழு நிறம், 15 கலவை, ஆக 21 சாயல். நான்கு போட்டால் 10 தான். 21 சாயலும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே சேற்று நிறமாகிவிடும். நான்குக்கு மேல் வேண்டாம் என்று முடிவு.

பிப்ரவரி 2

முதல் வரைவு: கருநீலம், கறுப்பு, பச்சை, பச்சையின் நடுவே மஞ்சள் கோடு. எல்லோருக்கும் உடனே பிடித்தது. பிடிக்கத்தானே செய்யும், அது கார்டன் குலத்தின் கட்டம்! பிளாக் வாட்ச் கட்டத்தில் ஒரு மஞ்சள் கோடு இழுத்தால் கார்டன்; வெள்ளை இழுத்தால் லமாண்ட்; வெள்ளையும் சிவப்பும் இழுத்தால் மெக்கன்சி. நீலம்-கறுப்பு-பச்சை என்ற அடித்தளத்தில் காலி இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். டார்ட்டன் பதிவேட்டில் தேடாமல் வரைவை யாருக்கும் காட்டக் கூடாது. மனம் ஒன்றில் ஒட்டிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

பிப்ரவரி 16

இரண்டாம் வரைவு. சாம்பல், ஹெதர் பூவின் ஊதா, கரும்பச்சை, மெல்லிய மஞ்சள். இழைக்கணக்கு இப்படி:

சாம்பல் 44, ஊதா 6, சாம்பல் 10, பச்சை 36, ஊதா 30, பச்சை 6, ஊதா 8, மஞ்சள் 4.

முதலும் கடைசியும் திரும்புமுனைகள். சாம்பலில் தொடங்கி மஞ்சள் வரை போய், அங்கிருந்து அதே வரிசையில் திரும்பி வர வேண்டும். நடுவில் உள்ளவை 96, இருமுறை வருவதால் 192, முனைகள் 48, ஆக ஒரு முழுச் சுற்று, அதாவது ஒரு ‘செட்’, 240 இழை. எல்லா எண்ணும் இரட்டைப்படை. இந்த நெசவுக்கு அதுதான் ஒத்துவரும்.

முனைக்கு எழுதிய எண் முழு எண்ணிக்கையா, நெய்யும்போது இரட்டிக்க வேண்டிய பாதியா என்று தாளிலேயே எழுதிவிட வேண்டும். எங்களுடையது முழு எண்ணிக்கை. பாதி என்று எடுத்துக்கொண்டு நெய்தால் சாம்பல் 88, மஞ்சள் 8 ஆகி, செட் 288 இழைக்கு வீங்கிவிடும். நிறக் குறியீட்டிலும் கவனம்: ‘பி’ (B) என்ற ஆங்கில எழுத்து நீலத்துக்கு, கறுப்புக்கு ‘கே’ (K).

பிப்ரவரி 23

கூட்டிப் பார்த்தால் பச்சை 84, ஊதா 88. இரண்டும் ஏறக்குறையச் சமம். எந்த நிறம் தலைமை என்று கண்ணுக்குப் புரியாமல் துணி அலைபாயும். ஊதா 30-ஐ 18 ஆக்கி, அந்த 12 இழையையும் பச்சைக்குக் கொடுத்து 48 ஆக்கினோம். இப்போது பச்சை 108, ஊதா 64, சாம்பல் 64, மஞ்சள் 4. மொத்தம் அதே 240. இந்த ஒரு மாற்றத்தில் கட்டம் தெளிந்துவிட்டது.

இதைக் கணினித் திரையில் பார்க்கவில்லை. கெட்டி அட்டையில் நிஜக் கம்பளி நூலைக் கணக்குப்படி நெருக்கமாகச் சுற்றிப் பார்த்தோம். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெண்கள் ஒரு மரத்துண்டில் இழைகளின் எண்ணிக்கையைக் குறித்து வைத்து நெய்ததை மார்ட்டின் மார்ட்டின் 1703-லேயே எழுதியிருக்கிறார். 300 ஆண்டு தாண்டியும் இதைவிடத் திருத்தமான வழி இல்லை. ஒரே எச்சரிக்கை: அட்டையில் 2 இழை மஞ்சள்கூடப் பளிச்சென்று இருக்கும். துணியில் குறுக்கே ஊடை மூடுவதால் பாதிதான் தெரியும், நாலடி தள்ளினால் அதுவும் போய்விடும். மஞ்சளுக்கு 4 வைத்தது அதனால்தான்.

மார்ச் 8

இன்று முழுக்க மடிப்புக் கணக்கு. பலர் விட்டுவிடுவது இதைத்தான். கில்ட்டின் பின்பக்கத்தில் கட்டத்தை அப்படியே பார்க்க முடியாது. மடிப்பு மடிப்பாகத்தான் தெரியும்.

அங்குலத்துக்கு 40 இழை என்றால் நமது செட் 6 அங்குலம். (துணியின் எடைக்கும் மில்லுக்கும் ஏற்ப இது மாறும், கேட்டுக்கொள்ள வேண்டும்.) 27 மடிப்பு, ஒவ்வொன்றும் வெளியே முக்கால் அங்குலம் தெரிகிறது என்று கொள்வோம். மடித்த பிறகும் பின்னால் கட்டம் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மடிப்புக்கு ஒரு செட்டும் கூடவே அந்த முக்காலும், 6.75 அங்குலம், செலவாகும். 27-க்கு ஏறத்தாழ 182 அங்குலம். முன்பக்கத்தில் மடிப்பில்லாமல் வரும் ஏப்ரன் இரண்டுக்கும் சேர்த்து 65 வைத்தாலும் 8 கெஜத்துக்குள், 288 அங்குலத்துக்குள், அடங்குகிறது. செட் 9 அங்குலமாக இருந்தால் மடிப்புக்கே 263. துணி போதாது, மடிப்பைக் குறைக்க வேண்டிவரும். 4 அங்குலமாக இருந்தால் மடிப்பு ஆழமில்லாமல் விரியும். இல்லையெனில் இரண்டு செட்டைச் சேர்த்து மடிக்க வேண்டும்.

படைப்பிரிவுகள் போல ஒரே கோட்டை ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நிறுத்துவது இன்னொரு முறை. மஞ்சளை நடுவில் வைத்து மடித்த மாதிரியை இடுப்பில் கட்டி நடந்தபோது, நிற்கையில் ஊதா நடுவே மஞ்சள் வரிகளாக இருந்த பின்பக்கம் ஒவ்வோர் அடிக்கும் திறந்து பச்சையைக் காட்டி மூடியது. இந்த அழகைத் திரையில் எப்படிக் காண்பது!

மார்ச் 22

நெய்த மாதிரித் துண்டு வந்தது. நீளவாக்கில் பத்து செட்டை அளந்தோம்: 60 அங்குலம் இருக்க வேண்டியது 62. ஊடையை அடித்தது தளர்வு. கில்ட்டில் பாவு உடம்பைச் சுற்றிப் படுக்கையாகப் போகும், ஊடைதான் செங்குத்து. ஆகவே இந்தப் பிழை நேரே மடிப்புக் கணக்கில் போய் விழும். மில்லுக்குச் சொல்லியாயிற்று.

நிறத்தை ஜன்னல் வெளிச்சத்திலும் குழல்விளக்கிலும் பார்த்தோம். விளக்கின் கீழ் சாம்பலில் பச்சை தட்டுகிறது. வேறு சாம்பல் தேர்ந்து, நூல் அட்டையின் எண்ணோடு எழுதிவைத்தோம். வெறும் ‘சாம்பல்’ என்று எழுதினால் எந்தச் சாம்பலும் வரலாம். துணியின் எடை கெஜத்துக்கு 16 அவுன்ஸ். 13-உம் நல்ல துணிதான், ஆனால் கனமான துணியில் மடிப்பு தானாகவே வந்து விழும்.

ஏப்ரல் 5

வாக்கெடுப்பு. மூன்றே மாதிரி, மூன்றும் நெய்த துணி, விருப்ப வரிசைப்படி 1, 2, 3. பன்னிரண்டு படங்களைக் காட்டினால் வாக்கு சிதறி, யாருக்கும் முழுதாகப் பிடிக்காத ஒன்று ஜெயிக்கும். மஞ்சள் கோட்டுக் கட்டம் தேர்வானது.

ஏப்ரல் 19

எடின்பரோவில் ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டுக்கு விண்ணப்பம். இந்தப் பதிவேடு 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009 பிப்ரவரியில் தொடங்கியது. கட்டணம் உண்டு. இழைக்கணக்கு, நிறங்கள், படம், பெயர், அந்தப் பெயரோடு நமக்குள்ள தொடர்பு எல்லாம் வேண்டும். பதிவதால் மட்டும் காப்புரிமை கிடைக்காது. வரைந்தவர் உரிமையைக் குழுவுக்குத் தருவதாகத் தனியே எழுதி வாங்க வேண்டும், அதுவும் நெய்யக் கொடுக்கும் முன்பே.

மில்லுக்குப் போன ஆர்டரில் மூன்று வரிகளை அடிக்கோடிட்டோம். கில்ட்டின் கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை, துணியின் கரையே விளிம்பு; ஆகவே கில்ட்டுக்கான கரை வேண்டும். 4 கெஜம் இரட்டை அகலத் துணியை நடுவில் பிரித்து இணைத்துத்தான் 8 கெஜம் ஆக்குவார்கள். எனவே இரு கரையும் சாம்பலின் அதே இடத்தில் முடிய வேண்டும். எல்லோருக்கும் ஒரே சாயத் தொகுப்பு நூல். அடுத்த ஆண்டு சேர்பவர்களுக்காக இரண்டு கில்ட்டுக்கான துணி கூடுதலாக.